நாவின் கீழே ஒரு புழு

நாய்க்குட்டி ஒன்று வளர்ந்தபின் வெறிகொள்ளாமலும், உணவில் வெறுப்புக் கொள்ளாமலும் இருக்க வேண்டுமானால், அது பச்சைக்குட்டியாக இருக்கும்போதே அதன் நாவைத் தூக்கிப் பிடித்து, அடியில் ஒளிந்திருக்கும் ஒரு புழுவைக் கீறி எடுத்துவிட வேண்டும் என்னும் நம்பிக்கை, கி.பி. 1ஆம் நூற்றாண்டு தொடங்கி 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஐரோப்பாவில் நாய் வளர்ப்போரிடையே அழியாமல் வாழ்ந்திருந்தது. இதை ஏட்டில் எழுதி வைத்தவர் சாமானியர் அல்லர். ரோமாபுரியின் கடற்படைத் தலைவராக விளங்கி, கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது உயிர் நீத்த பிளினி என்னும் பேரறிஞர், தாம் தொகுத்த 37 பாகங்கள் கொண்ட இயற்கை வரலாற்றின் 29ஆம் பாகத்தில், அந்தப் புழுவுக்குக் கிரேக்கர் இட்ட பெயர் ‘லிட்டா’ என்பதையும், அதைக் குட்டிப் பருவத்தில் நீக்கிவிட்டால் நாய்க்கு வெறியும் வராது, உணவில் அருசியும் தோன்றாது என்பதையும் ஒரே மூச்சில் சொல்லிச் செல்கிறார். அப்படி எடுத்த புழுவை நெருப்பைச் சுற்றி மும்முறை வலம் கொண்டுவந்து, வெறிநாய் கடித்த மனிதனுக்குக் கொடுத்தால் அவனும் பிழைப்பான் என்பது அவர் கேட்டறிந்த மற்றொரு செய்தி.

புழு இருந்ததா என்று கேட்டால், புழுவைப்போன்ற ஒன்று இருந்தது, இன்றும் ஒவ்வொரு நாயின் நாவிலும் இருக்கிறது என்றே விடை கூற வேண்டும். நாவின் அடிப்புறத்தில், நடுக்கோட்டை ஒட்டி, கொழுப்பும் தசையும் நாரும் சேர்ந்து ஓர் உறைக்குள் அடங்கிய மெல்லிய தண்டு ஒன்று நீளவாக்கில் கிடக்கிறது. உடற்கூற்று நூலோர் அதற்கு ‘லிட்டா’வின் மற்றொரு வடிவமான ‘லிஸ்ஸா’ என்னும் அந்தப் பழைய கிரேக்கப் பெயரையே இன்றளவும் வழங்கி வருகின்றனர். வெறிநோயை உண்டாக்கும் வைரஸ் குலத்துக்கும் அதே சொல்லிலிருந்துதான் பெயர் வந்தது. குட்டியின் வாயை ஒருவன் பிளந்து பிடிக்க, மற்றொருவன் நாவை வெளியே இழுத்து, கூரிய கத்தியால் தோலைக் கீறி, ஊசியால் அந்தத் தண்டைக் கொக்கியிட்டுத் தூக்கினால், இழுபட்ட நார் அறுபட்டவுடன் சுருண்டு மடங்கும். கையில் சுருளும் பொருளைக் கண்ணால் கண்டவன் அதைப் புழு என்று நம்பியதில் வியப்பில்லை. அவனை மூடன் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. உணவைத் தொட வேண்டிய உறுப்பு நாக்கு, உணவு தொடப்படவில்லை, ஆகவே குற்றம் நாவில்தான் இருக்க வேண்டும் என்று அவன் முடிவு செய்தான். குட்டி ஒன்று உணவை மறுத்தால் அந்த மறுப்பே நோய் என்றும், நோயின் இருப்பிடம் வாயே என்றும் கொள்ளும் இந்தத் தர்க்கத்திலிருந்து மனிதர் விடுபட ஏன் அத்தனை நூற்றாண்டுகள் ஆயின என்பதே இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டிய வினா.

பிளினியின் காலத்தவரும் வேளாண்மை நூல் இயற்றியவருமான கொலுமெல்லா, நாவை விட்டுவிட்டு வாலைப் பிடித்துக்கொண்டார். குட்டி பிறந்து நாற்பது நாள் கழிந்தபின், முதுகெலும்பின் கணுக்கள் வழியே வால் நுனி வரை ஓடும் நரம்பைப் பல்லால் கடித்து இழுத்து அறுத்துவிட்டால் வெறிநோய் அணுகாது என்று இடையர்கள் பலர் உறுதி கூறுவதாக அவர் எழுதி வைத்தார். இன்னோர் அறிஞரான வார்ரோவோ வெட்டுவதையும் அறுப்பதையும் காட்டிலும் ஊட்டுவதைப் பற்றியே அதிகம் பேசினார். வாற்கோதுமை அப்பத்தைப் பாலில் ஊறவைத்துக் கொடுக்க வேண்டும் என்ற அவருடைய விதி, நம் ஊரில் பாற்சோறு பிசைந்து வைக்கும் எந்தத் தாய்க்கும் எளிதில் புரியக்கூடியது. ஆனால் பழையவர் எல்லோரிலும் குட்டியின் இயல்பை நெருங்கி அறிந்தவர், கி.மு. 4ஆம் நூற்றாண்டில் வேட்டைக்கலையைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதிய கிரேக்கப் படைவீரர் க்செனஃபோன் என்பதே என் துணிபு. பிறர் பராமரிப்பில் குட்டிகள் தழைப்பதில்லை என்றும், தாயின் பாலும் தாயின் மூச்சும் தாயின் அணைப்புமே அவற்றை வளர்க்கின்றன என்றும் அவர் கூறிய கருத்தில், பாலுக்குப் பக்கத்தில் மூச்சையும் அணைப்பையும் வைத்த நுட்பம் சிந்திக்கத்தக்கது. பிறந்த முதல் இரண்டு வாரங்களில் குட்டி தன் உடற்சூட்டைத் தானே காத்துக்கொள்ளும் ஆற்றல் இல்லாதது. தாயின் மடியை விட்டு விலகிக் குளிர்ந்துபோன குட்டிக்கு முதலில் சப்பும் வலு குறைகிறது, பின்னர் குடலின் அசைவே ஓய்ந்துவிடுகிறது. அந்த நிலையில் பரிதாபப்பட்டு வாயில் பாலைப் புகட்டுகிறவர், செரிக்காத பாலை வயிற்றில் தேக்கியோ மூச்சுக்குழலில் இறக்கியோ அதன் முடிவை விரைவுபடுத்துகிறார். முதலில் சூடு, பிறகே பால் என்று இன்றைய கால்நடை மருத்துவர் சொல்லும் முறையை, வெப்பமானி இல்லாத காலத்தில் ஒரு வேட்டைக்காரர் தாயின் மூச்சு என்ற ஒரு சொல்லில் தொட்டுவிட்டார்.

தமிழரும் நாயை நெடுங்காலமாகப் பழகியவரே. நாய், பன்றி, புலி, முயல் என்னும் நான்கின் இளமைக்குக் குருளை என்ற பெயரைத் தொல்காப்பியத்தின் மரபியல் தனியே ஒதுக்கி வைத்திருக்கிறது. ஆயினும் உண்ணாத குருளையை என் செய்வது என்பதற்கு எனக்குக் கிடைத்த முதற்பாடம் நூலிலிருந்து வந்ததன்று. எனக்கு எட்டு வயதிருக்கும்போது எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு வெள்ளைக்குட்டி வந்து சேர்ந்தது. வந்த இரண்டாம் நாள் கொட்டாங்கச்சியில் ஊற்றிய பாலை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. கண் பட்டுவிட்டது என்றார் அடுத்த வீட்டுக்காரர். தாயைப் பிரிந்த ஏக்கம் என்றார் என் தாயார். வெற்றிலைச் செல்லத்தை மடியில் வைத்துக்கொண்டு பாக்குச் சீவிக்கொண்டிருந்த என் பாட்டி மட்டும் எழுந்து வந்து, குட்டியின் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, “வயிறு பானையாட்டம் இருக்கு, முதுகெலும்பு துருத்திக்கிட்டு நிக்குது; உள்ள பூச்சிடா” என்றாள். நாவைப் பார்க்காமல் வயிற்றைப் பார்த்த அந்தக் கிழவி, பிளினியைக் காட்டிலும் உண்மைக்கு அருகில் நின்றாள் என்பதை நான் உணர்ந்துகொள்ளப் பல வருஷங்கள் ஆயின.

நாவின் கீழ்ப் புழுவுக்கு அறிவாளரிடையே மதிப்புக் குறையத் தொடங்கியது 18ஆம் நூற்றாண்டில் என்னலாம். ஆங்கில அகராதி இயற்றிய சாமுவேல் ஜான்சன், இந்தச் செயலைக் குறிக்கும் வினைச்சொல்லுக்குப் பொருள் கூற நேர்ந்த இடத்தில், நாயின் நாவடியிலிருந்து எடுக்கப்படுவது இன்னதென்று யாருக்கும் தெரியாது, அதனால் வெறி எப்படித் தடைப்படுகிறது என்பதும் யாருக்கும் தெரியாது என்ற கருத்தைப் பதிவு செய்தார். அகராதிக்காரர் எழுப்பிய ஐயத்தை அறுவைக் கத்தியின் அருகே நின்று தீர்த்து வைத்தவர்களுள் முதன்மையானவர் வில்லியம் யூவாட். லண்டனில் நாய்களுக்கென்றே வைத்தியம் பார்த்து வந்த டெலபீர் பிளெய்னிடம் கூட்டாளியாகச் சேர்ந்து தொழில் பயின்ற இவர், 1845இல் வெளியிட்ட நாயைப் பற்றிய நூலில் இந்தச் சடங்கைக் கொடுமை என்றும் பயனற்றது என்றும் கண்டித்தார். குதிரை வைத்தியமே கௌரவமான தொழிலாகக் கருதப்பட்ட அந்தக் காலத்தில், நாயின் நோய்க்கென்று நூல் எழுதுவதே துணிவான செயல். பசிக்காத குட்டிக்கு வாந்தி மருந்தும் பேதி மருந்தும் கொடுப்பதும், குருதி வடிப்பதும் அன்று வழக்கில் இருந்தன. மருந்தினால் மெலிந்ததா, நோயினால் மெலிந்ததா என்று பிரித்தறிய முடியாமல் எத்தனை குட்டிகள் மடிந்தனவோ, யார் அறிவார்!

உண்மைப் புழு குடலில் இருந்தது. டாக்ஸோகாரா கேனிஸ் என்று இன்று பெயர் பெற்றுள்ள உருளைப்புழுவை வெர்னர் என்பவர் 1782இல் விவரித்துவிட்டார். ஆனால் அதன் வாழ்க்கை மர்மம் அவிழ்ந்தது 20ஆம் நூற்றாண்டில்தான். தாய்நாயின் தசைகளில் உறங்கிக் கிடக்கும் இளம்புழுக்கள், அது கருவுற்ற பிற்பகுதியில் விழித்தெழுந்து நச்சுக்கொடி வழியே கருவிலுள்ள குட்டிக்குள் புகுந்துவிடுகின்றன; பிறகு தாய்ப்பால் வழியாகவும் சில வருகின்றன. ஆகவே, மண்ணில் இன்னும் கால் வைக்காத குட்டியின் வயிற்றிலும் புழு உண்டு. இரண்டு வார வயதிலேயே புழு மருந்து தொடங்க வேண்டும் என்ற விதி இந்த அறிவின் பயன். குடலை அடைத்துக்கொண்டு கிடக்கும் புழுக்கூட்டத்தின் மேல் உணவு இறங்க இடமில்லாதபோது, பானை வயிற்றுடன் குட்டி தட்டை விட்டு நகர்கிறது.

புழு மருந்தின் சரித்திரத்தில் நமக்கும் ஒரு பங்கு உண்டென்பதை நினைக்கும்போது எனக்கு என் பாட்டியின் மடி நினைவுக்கு வருகிறது. அவள் சீவிக்கொண்டிருந்த அதே பாக்குதான், 19ஆம் நூற்றாண்டில் கீழ்த்திசையிலிருந்து கப்பலேறிச் சென்று, தூளாக அரைக்கப்பட்டு, இங்கிலாந்தில் நாய்களின் குடற்புழுவுக்குப் பிரசித்தி பெற்ற மருந்தாக விளங்கியது. நாயின் எடையில் ஒரு பவுண்டுக்கு இரண்டு கிரெயின் என்ற அளவு, நாய் வளர்ப்பு நூல்களில் வாய்பாடுபோல் வழங்கியது. பாக்கிலுள்ள அரெகோலின் என்னும் சத்து புழுவை மயக்கிக் குடலை முறுக்கி வெளியேற்றும். பிற்காலத்தில் அதைத் தனியே பிரித்தெடுத்து, நியூசிலாந்து போன்ற நாடுகளில் நாய்களின் நாடாப்புழுவை ஒழிக்கும் இயக்கத்தில் பயன்படுத்தினர். ஆனால் அது இருபுறமும் கூரான ஆயுதம். இளங்குட்டிக்கு அளவு சற்று மிகுந்தாலும் இதயத்தையும் மூச்சையும் தாக்கக்கூடியது. ஆதலால் இன்று எவரும் குட்டிக்குப் பாக்குத் தூளைக் கொடுத்துவிட வேண்டாமென்று இங்கேயே கேட்டுக்கொள்கிறேன்.

உணவு மறுப்பு வாயின் குற்றம் அன்று, உடல் முழுவதையும் பற்றிய ஏதோ ஒன்றின் முன்னறிவிப்பு என்பதை உலகுக்குப் பெருவிலை கொடுத்துக் கற்பித்த நோய் டிஸ்டெம்பர். தென்னமெரிக்காவில் பூமியின் வடிவத்தை அளக்கச் சென்ற குழுவில் இடம்பெற்ற ஸ்பானியரான அந்தோனியோ தெ உல்லோவா, அங்கு நாய்களைக் கொன்றுகொண்டிருந்த ஒரு கொள்ளைநோயை 18ஆம் நூற்றாண்டின் நடுவில் தம் பயண நூலில் வருணித்தார். 1760களில் அது ஸ்பெயினில் தலைகாட்டி, சில ஆண்டுகளுக்குள் ஐரோப்பா எங்கும் பரவியது. மனித அம்மைக்கு மாற்றுக் கண்ட எட்வர்டு ஜென்னரே இதையும் ஆராய்ந்தார் என்பது பலர் அறியாத செய்தி. பெர்க்லி பிரபுவின் நரிவேட்டை நாய்களிடையே அவர் கண்டவற்றைத் தொகுத்து 1809இல் லண்டன் வைத்தியச் சங்கம் ஒன்றின் முன் சமர்ப்பித்த கட்டுரை, இந்நோய் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தொற்றுவது என்றும், வெறிநோயினின்றும் வேறானது என்றும் தெளிவாகப் பிரித்துக் காட்டியது. பசுவம்மைப் பாலை நாய்களுக்கும் குத்திப் பார்த்தார். அந்த முயற்சி நிலைக்கவில்லை.

இந்நோயின் தந்திரம் கொடியது. தொற்றிய சில நாட்களில் ஒரு காய்ச்சல் வந்து, ஓரிரு வேளை குட்டி உணவை மறுத்துவிட்டு, மறுபடி தேறியதுபோல் உண்ணத் தொடங்கும். வீட்டார் மகிழ்ந்திருக்கும் வேளையில் இரண்டாம் காய்ச்சல் எழுந்து, கண்ணிலும் மூக்கிலும் சீழ் வடிய, மார்பும் குடலும் தாக்குண்டு, சிலவற்றில் உள்ளங்கால் தடித்து, இறுதியில் மூளையைப் பற்றி வலிப்பில் முடியும். அந்த ஓரிரு வேளை மறுப்பைக் குறித்து வைத்தவர் எவரும் இல்லை. அதுவே முதல் எச்சரிக்கை என்று அறிந்தவரும் இல்லை. பிரான்சில் ஆன்றி கார்ரே, மிக நுண்ணிய வடிகட்டிகளையும் கடந்து செல்லும் ஒரு கிருமியே இதற்குக் காரணம் என்று 1905இல் நிறுவினார். எனினும், நோயுற்ற நாய்களின் மூச்சுக்குழலில் மலிந்து காணப்பட்ட பாக்டீரியா ஒன்றையே காரணமாகக் கொண்டவர்கள் அவருடைய முடிவை ஏற்காமல் கால் நூற்றாண்டுக்கு அருகே வாதாடிக்கொண்டிருந்தனர்.

அந்த வாதத்தை முடித்து வைத்த ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்தவர்கள், தங்கள் குட்டிகளை இழந்து துயருற்ற சாதாரண மனிதர்கள் என்பதை நான் விரும்பிச் சொல்கிறேன். ‘தி ஃபீல்டு’ என்னும் ஆங்கில வாரப் பத்திரிகை 1923இல் தன் வாசகர்களிடம் நிதி திரட்டத் தொடங்கியது. லண்டனுக்கு அருகில் மில் ஹில் என்னுமிடத்துப் பண்ணையில் பேட்ரிக் லெய்ட்லா, ஜார்ஜ் டங்கின் என்னும் இருவர் வேலையை ஏற்றனர். நோயின் நிழலும் படாத குட்டிகள் வேண்டுமென்று அவர்கள் தனிக் காவலில் நாய்களைப் பெருக்கினார்கள். குட்டிகளைப் பேணுவோர் குளித்து, உடை முழுவதையும் மாற்றிய பிறகே உள்ளே நுழையலாம் என்ற நியமம் அங்கே இருந்தது. கீரியைப் போன்ற தோற்றமுடைய ஃபெரெட் என்னும் பிராணிக்கும் டிஸ்டெம்பர் தொற்றும் என்று கண்டு, அதையே நோயின் அளவுகோலாக்கிக்கொண்டனர். 1928க்குள் தடுப்பு மருந்து உருவாகிவிட்டது. அந்தப் பண்ணையில் ஃபெரெட்டுகள் இருந்த காரணத்தாலேயே, 1933இல் மனிதருக்கு வரும் இன்ஃபுளுயென்சாவைத் தேடிய வில்சன் ஸ்மித், ஆண்ட்ரூஸ், லெய்ட்லா ஆகியோர், நோயாளிகளின் தொண்டை கழுவிய நீரை அவற்றின் மூக்கில் இட்டு, அந்த வைரஸை முதன்முதலாகப் பிடித்தனர். நாய்க்குட்டிக்காக வாசகர்கள் அனுப்பிய பணம் மனிதர் நோயின் கதவையும் இவ்வாறு திறந்துவிட்டது.

சென்னைக்கும் இந்த வரலாற்றில் ஓர் இடம் உண்டு. குடியேற்ற ஆட்சிக் காலத்தில் வெள்ளைக்கார அதிகாரிகள் நரிக்குப் பதிலாகக் குள்ளநரியைத் துரத்துவதற்கென்று வேட்டை நாய்க் கூட்டங்களை இந்நகரில் பேணி வந்தனர். அந்த ‘மெட்ராஸ் ஹன்ட்’ நாய்களின் குருதியை நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்த பேட்டன் என்னும் இராணுவ வைத்தியர், சிவப்பணுக்களுக்குள் குடியிருக்கும் ஓர் ஒட்டுண்ணியைக் கண்டு, 1910இல் அதற்குக் கிப்சோனி என்ற பெயரைச் சூட்டி அறிவித்தார். பின்னர் அதே உயிரைக் குள்ளநரியின் குருதியிலும் கண்டார். உண்ணி கடிப்பதால் பரவும் இந்த நோய், நம் நாட்டில் இன்றும் குட்டிகளின் பசியைத் திருடும் கள்வருள் ஒன்று. காதுமடலின் உட்புறத்திலும் விரலிடுக்கிலும் உண்ணி ஒட்டியிருக்க, ஈறு வெளுத்து, மூச்சு வாங்க, குட்டி ஒரு மூலையில் சுருண்டு கிடந்தால், பிசைந்த சோற்றில் நெய் ஊற்றிப் பயனில்லை. ஈறு எந்த நிறத்தில் இருக்கிறது என்று பார்க்கும் பழக்கம், நாவைத் தூக்கிப் பார்த்த பழைய பழக்கத்தைப் போலவே வாயைத் திறந்து செய்வதுதான். ஆனால் கண் தேடும் பொருள் வேறு. ஒன்றை மட்டும் இவ்விடத்தில் மறக்கலாகாது. உணவை மறுப்பதோடு எச்சில் ஒழுக்கி, குரல் மாறி, நடத்தை பிறழ்ந்த குட்டியின் வாயில் எவரும் விரலை விடக்கூடாது. வெறிநோயும் பல வேளைகளில் இப்படித்தான் தொடங்குகிறது. நாய்க்கடி பட்டவர்களுக்கென்று குன்னூரில் 1907இல் பாஸ்டர் நிலையம் எழுந்த காலத்திற்கு முன்பு, அத்தகைய ஒரு சிறு கீறல் ஒரு குடும்பத்தையே அழவைத்திருக்கிறது.

இனி நான் சொல்லப்போவது இந்த வரலாற்றிலேயே என்னை மிகவும் நெகிழ்வித்த பகுதி; கதை மறுபடி நாவுக்கே திரும்புகிறது. அமெரிக்காவின் தென் மாநிலங்களில், மக்காச்சோளத்தையே உண்டு வாழ்ந்த ஏழைகள் தோல் வெடித்து, புத்தி பேதலித்து, பெல்லாக்ரா என்னும் நோயால் மடிந்துகொண்டிருந்தனர். அதே வீடுகளின் நாய்கள் ‘கருநாக்கு’ என்ற நோயால் வாய் அழுகி, உணவு மறுத்துச் செத்தன. இரண்டும் ஒரே குறையின் இரு வடிவங்களாக இருக்கலாம் என்று கருதிய ஜோசஃப் கோல்ட்பர்கர் என்னும் அரசாங்க வைத்தியர், 1920களில் நாய்களுக்கு அந்த ஏழைகளின் ஆகாரத்தையே கொடுத்துப் பரிசோதித்தார். ஒரே உணவை நாள்தோறும் கண்டு சலித்த நாய்கள் தட்டைத் திரும்பிப் பார்க்கவும் மறுத்தன. பசியைத் தூண்டினால் உண்ணுமே என்று, மதுவடிப்போர் பயன்படுத்தும் ஈஸ்டைச் சிறிதளவு அதில் கலந்தார்கள். நாய்கள் உண்டன, ஆனால் வர வேண்டிய கருநாக்கு வரவில்லை! சுவைக்காகச் சேர்த்த பொருளிலேயே மருந்து ஒளிந்திருந்தது. கோல்ட்பர்கர் 1929இல் காலமானார். அந்த மருந்தின் பெயர் நிகோட்டினிக் அமிலம் என்று விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கான்ராட் எல்வெஜெம் 1937இல் கண்டறிந்தார். கருநாக்கால் உணவை விட்டிருந்த ஒரு நாய்க்கு 30 மில்லிகிராம் கொடுத்த மாத்திரத்தில் அது பசி மீண்டு வளரத் தொடங்கியது. உடனே மனிதருக்கும் அதுவே மருந்தாயிற்று.

இதன் தொடர்ச்சி நம் நாட்டில் நடந்தது. சேலத்தில் பிறந்தவரும், குன்னூரிலிருந்து ஹைதராபாத்துக்கு இடம்பெயர்ந்த ஊட்டச்சத்து ஆராய்ச்சி நிலையத்தின் தலைவராக விளங்கியவருமான டாக்டர் சி. கோபாலன், மக்காச்சோளத்தையே அறியாத தக்காணத்து ஏழைகளிடத்தும் பெல்லாக்ரா இருப்பதைக் கண்டார். அவர்கள் உண்டது நம் சோளம். அதில் மிகுந்துள்ள லியூசின் என்னும் பொருள் நிகோட்டினிக் அமிலத்தின் பயனைக் கெடுக்கிறதோ என்ற ஐயத்தைப் பரிசோதிக்க, அவரும் அவருடைய சகாக்களும் நாய்க்குட்டிகளுக்கு லியூசின் கலந்த உணவைக் கொடுத்து, கருநாக்கு தோன்றுவதை 1960களில் பதிவு செய்தனர். அவருடைய விளக்கம் பின்னர் விவாதத்துக்கு உள்ளாயிற்று என்றாலும், வயிறு நிறைவதும் உடல் நிறைவதும் வேறு என்ற செய்தி நிலைத்துவிட்டது. வெறும் சோற்றிலும் கூழிலும் மாதக்கணக்கில் வளர்க்கப்பட்டு, ஒருநாள் திடீரென்று தட்டை வெறுக்கும் குட்டிகளைக் காணும்போதெல்லாம் எனக்கு அந்தப் பரிசோதனைக்கூடத்துக் குட்டிகளின் நினைவு எழுகிறது.

1978ஆம் ஆண்டில் யாரும் எதிர்பாராத ஒரு புதிய நோய் பல கண்டங்களில் ஏககாலத்தில் என்று சொல்லத்தக்க வேகத்தில் வெடித்தது. பூனைகளின் வைரஸுக்கு நெருங்கிய உறவான பார்வோ வைரஸ் நாய்களுக்குத் தாவி, உலகில் எந்த நாய்க்கும் எதிர்ப்பு இல்லாத நிலையில், இரண்டே ஆண்டுகளில் பூமியைச் சுற்றிவந்தது. குடலின் உட்சுவரைப் புதுப்பிக்கும் உயிரணுக்களையே அது தேர்ந்து அழிக்கும். காலையில் பாலை மறுத்த குட்டி மாலையில் வாந்தியெடுத்து, மறுநாள் இரத்தமாகக் கழிந்து, ஓரிரு நாளில் உலர்ந்துவிடும். இந்நோய்க்குத் தடுப்பு மருந்து கண்டவர்களுள் கார்னெல் பல்கலைக்கழகத்தின் லேலண்டு கார்மைக்கேலும் மாக்ஸ் ஆப்பெலும் முக்கியமானவர்கள். அதே பல்கலைக்கழகத்தில் 1950களிலேயே வேறொரு புதிரும் விடுபட்டிருந்தது. தாயின் சீம்பாலில் வரும் காப்பு குட்டியின் உடலில் இருக்கும்வரை தடுப்பூசி ஏறாது. காப்பு வற்றும் நாள் குட்டிக்குக் குட்டி வேறுபடும். ஆகையால்தான் ஆறு அல்லது எட்டு வாரத்தில் தொடங்கும் ஊசியைச் சில வார இடைவெளிகளில் திரும்பத் திரும்பப் போட்டுப் பதினாறு வாரம் வரை கொண்டுசெல்கிறார்கள். ஒரே ஊசியோடு நிறுத்திவிட்டு, ஊசி போட்டும் குட்டி போயிற்றே என்று கலங்குவோர் நம்மிடையே மிகப் பலர்.

உணவை மறுக்கும் குட்டிகள் எல்லாம் சாவின் வாசலில் நிற்பவை என்று கொள்ள வேண்டியதில்லை. புது வீட்டுக்கு வந்த முதல் நாள் தாயையும் உடன்பிறப்புகளையும் தேடி உண்ணாதிருப்பதும், நான்காம் ஐந்தாம் மாதத்தில் இருபத்தெட்டுப் பாற்பற்கள் விழுந்து புதுப்பல் முளைக்கும்போது கடினமான உணவை ஒதுக்குவதும், ஊசி போட்ட மாலையில் சோர்ந்து படுப்பதும் தாமே தீர்பவை. பழக்கமான உணவையே சற்றுச் சூடாக்கி, மணம் எழும்படி சிறுசிறு அளவாக வைத்து, அருகில் அமைதியாக அமர்ந்திருந்தால் போதும். ஆனால் கல்லீரலில் சேமிப்புக் குறைந்த சிறு உடல் அது. பெரிய நாய் ஒரு நாள் பட்டினியைப் பொறுக்கும். இரண்டு மாதக் குட்டி, அதிலும் சிற்றினக் குட்டி, சில மணி நேரத்திலேயே இரத்தச் சர்க்கரை வீழ்ந்து தள்ளாடிவிடக்கூடும். இரண்டு வேளை தொடர்ந்து மறுத்தாலோ, மறுப்போடு வாந்தியோ கழிச்சலோ வெளுத்த ஈறோ சேர்ந்தாலோ, அன்றே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். என் சிறுவயது வெள்ளைக்குட்டிக்காக அன்று என் தந்தையார் சைக்கிளில் மூன்று மைல் சென்று புழு மருந்து வாங்கி வந்தார். அது பிழைத்து, பதினொரு வருஷம் எங்கள் வாசலைக் காத்தது.

பார்வோ நோய்க்குச் சிகிச்சை செய்த மருத்துவர்களிடையே, நெடுங்காலம் பழைய வழக்கம் ஒன்று நீடித்தது. வாந்தி நிற்கும்வரை குட்டியின் வாயில் ஒன்றும் படலாகாது, குடலுக்கு ஓய்வு வேண்டும் என்பது அது. நரம்பு வழியே நீரை மட்டும் ஏற்றி, குட்டியைப் பட்டினியாகவே வைத்திருந்தனர். குட்டி உண்ண மறுப்பதால் ஊட்டாமலிருப்பதே அதன் விருப்பத்துக்கு இணங்குவது என்ற எண்ணமும் அதற்குள் இருந்திருக்கலாம். தென்னாப்பிரிக்காவில் சில ஆராய்ச்சியாளர் இதை ஐயுற்று, கடும் பார்வோவால் தாக்குண்ட முப்பது குட்டிகளை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவைப் பழைய முறைப்படி பட்டினியாக வைத்தனர். மற்றப் பிரிவுக்கு, மருத்துவமனையில் சேர்த்த பன்னிரண்டு மணி நேரத்திலேயே, வாந்தி நிற்காதபோதும், மூக்கின் வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தித் திரவ உணவைச் சிறுகச் சிறுக ஊட்டினர். அழிந்த குடற்சுவர், தன்மேல் உணவு வந்து படிந்தபோதே விரைவாகத் தன்னைக் கட்டிக்கொண்டிருக்கலாம். 2003இல் அவர்கள் வெளியிட்ட முடிவின்படி, குழாய் வழியே ஊட்டப்பட்ட குட்டிகளுக்கு வாந்தியும் கழிச்சலும் ஒரு நாள் முன்னதாகவே அடங்கின. பட்டினி கிடந்த குட்டிகளைக் காட்டிலும் ஒரு நாள் முன்னதாகவே அவை தாமாகத் தலை தூக்கி, தட்டில் வைத்ததை உண்ணத் தொடங்கின.